நஞ்சு விழாத மாடு இரண்டு மாதம் கழித்து ஏன் நொண்டுகிறது?

மாடு கன்று ஈன்றது, நஞ்சுக்கொடி விழவில்லை. நான்காம் நாள் நாற்றமடிக்கும் கழிவு ஒழுகுகிறது, காய்ச்சல் காண்கிறது, பால் பாதியாகிறது. வைத்தியம் பார்த்து மாடு ஒருவழியாகத் தேறிவிடுகிறது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே மாடு பின்னங்காலை ஊன்ற மாட்டேன் என்கிறது. மலேசியாவின் குளுவாங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிக் கறவை மாடு வளர்க்கும் நம்மவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. கண்ணேறு என்று சொல்லிப் பூசணிக்காய் சுற்றி உடைப்பவர்கள் இருக்கிறார்கள். உடைக்கட்டும். ஆனால் அந்த வெள்ளைப் பூசணியோடு ஒரு மஞ்சள் பூசணியையும் வாங்கி அரிந்து மாட்டுக்குப் போட்டால், பீட்டா கரோட்டினாவது அதன் வயிற்றுக்குள் போகும்.

கருப்பை நோயும் குளம்பு நோயும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். ஒன்று பின்பக்கம், இன்னொன்று காலடியில். ஆனால் பல மாடுகளில் இரண்டுக்கும் வித்து விழுவது ஒரே காலத்தில்தான். ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, ஈன்றபின் மூன்று வாரம் வரை. அந்த ஆறு வாரங்களில் மாட்டின் உடலுக்குள் நடக்கும் ஒரு சங்கதிக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். ஜெர்மன் உயிர்வேதியியல் அறிஞர் ஹெல்முட் சீஸ் 1985இல் இதற்கு வரையறை தந்தார். பெயர் மிரட்டினாலும் விஷயம் எளிமையானது.

தீனியிலிருந்து வரும் சத்தை உயிரணுக்கள் ஆக்சிஜனைக் கொண்டு எரித்துத்தான் ஆற்றல் எடுக்கின்றன. உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாவில் இது நடக்கிறது. விறகடுப்பு எரியும்போது பொறி தெறிப்பதைப் போல, இங்கும் ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு நீராக மாறி முடிவதற்குள் பாதி வழியில் தெறித்துவிடுகிறது. சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. எதிர்ப்படுவது கொழுப்போ புரதமோ மரபணுவோ, எதையும் அவை விட்டுவைப்பதில்லை. உயிரணுவைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது என்பதால் முதல் அடி பெரும்பாலும் அதற்குத்தான்.

உடல் இதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. செம்பையும் துத்தநாகத்தையும் வைத்தோ, மாங்கனீசை வைத்தோ வேலை செய்யும் ஒரு வகை நொதி சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. இந்த நொதியின் வேலை 1969இல்தான் தெரியவந்தது. அடுத்து, செலினியத்தை வைத்து இயங்கும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதி அந்தப் பெராக்சைடை வெறும் தண்ணீராக்கிவிடுகிறது. அந்த நொதிக்குள் செலினியம் இருக்கிறது என்பது 1973இல் கண்டறியப்பட்டது. வைட்டமின் ஈ சவ்வுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, ஒரு கொழுப்பு மூலக்கூறு கெட்டு அடுத்ததையும் கெடுக்கும் சங்கிலியை அறுக்கிறது. இந்தக் காவலைவிடத் தாக்குதல் மிஞ்சிவிடும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். நாம் தாது உப்பு என்று ஒரே பையில் வாங்கும் பொடியில் இத்தனை பேருடைய வேலையும் அடங்கியிருக்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் முழுக்கத் தீயவை அல்ல. கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவரும் வெள்ளணுக்களான நியூட்ரோபில்கள், கிருமியை விழுங்கிய பின் இதே சூப்பராக்சைடையும் பெராக்சைடையும் வேண்டுமென்றே உண்டாக்கித்தான் அதைக் கொல்கின்றன. ஆகவே இவற்றை முழுவதுமாக அடக்கிவிட்டால் மாடு பிழைக்காது. வெள்ளணு தன் ஆயுதத்தாலேயே தான் செத்துவிடாமல் இருக்க அதற்குள் செலினியமும் வைட்டமின் ஈயும் வேண்டும். அவை குறைந்த மாட்டில் வெள்ளணுக்கள் எண்ணிக்கையில் இருக்கும், கிருமியைக் கொல்லும் திறன் மட்டும் மங்கிப்போயிருக்கும். கடையில் விற்கும் சத்துப் பொடிகளின் உறையில் ஆக்சிஜனேற்றத்தை 'ஒழிக்கும்' என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை.

சரி, ஈனும் காலத்தில் மட்டும் ஏன் இந்தக் கணக்கு தவறுகிறது? ஈன்ற மாட்டுக்குப் பால் சுரப்பு வேகமாக ஏறுகிறது, தீனி எடுப்பது அந்த வேகத்துக்கு ஏறுவதில்லை. துண்டு விழும் ஆற்றலுக்கு உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைக்கிறது. கரைந்த கொழுப்பு கல்லீரலுக்குப் போய் எரிகிறது. எரிப்பு கூடினால் தெறிப்பும் கூடும். அதே நாட்களில் சீம்பால் வழியாக வைட்டமின் ஈயும் ஏயும் கன்றுக்குப் போய்விடுகின்றன. தாயின் இரத்தத்தில் வைட்டமின் ஈ அளவு ஈனும் நேரத்தை ஒட்டித்தான் மிகத் தாழ்வாக இருக்கும். செலவு ஏறும் அதே வாரத்தில் கையிருப்பு காலியாகிறது. சினையின் கடைசியில் அளவுக்கு மீறிக் கொழுத்த மாடு ஈன்றபின் கூடுதலாகக் கொழுப்பைக் கரைத்து, கூடுதலாகத் திண்டாடும். "நல்லா உருண்டு திரண்டு இருந்ததே தம்பி, அதற்கா இப்படி?" என்று கேட்கிறார்கள். அதற்குத்தான் இப்படி, ஐயா.

நம் ஊருக்கு இன்னொரு சுமையும் உண்டு. கறவை மாட்டின் வெப்பச் சங்கடத்தை அளக்க, வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்று இருக்கிறது. 72ஐத் தாண்டினால், குளிர்நாட்டுக் கறவை இனமான ஃபிரீசியன் இரத்தம் கலந்த மாடு தவிக்கத் தொடங்கும் என்பது பழைய அளவு. இப்போது அதையே 68 என்று குறைத்துச் சொல்கிறார்கள். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள ஒரு சாதாரண முற்பகலுக்குக் கணக்குப் போட்டால் 83 வருகிறது. இரவில் 25 டிகிரி, 95 விழுக்காடு ஈரம் என்று வைத்துக்கொண்டாலும் 76க்குக் குறையவில்லை. குளிர் நாடுகளில் கோடையில் மட்டும் வரும் தொல்லை இங்கே வருடம் முழுவதும் இருக்கிறது. வெப்பத்தில் மாடு தீனியைக் குறைத்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது, படுக்காமல் நின்றுகொண்டே இருக்கிறது. அந்த நிற்பு பின்னால் குளம்பில் வந்து முடியும். தோட்டத் தொழிலாளர்களோடு இந்தியாவிலிருந்து வந்த பழைய கறவை இனம் இதைத் தாங்கியது, ஆனால் பால் குறைவு. பாலும் வேண்டும் தாங்கவும் வேண்டும் என்றுதான் ஃபிரீசியனையும் சாகிவாலையும் கலந்து மாஃப்ரிவால் இனத்தை அரசு உருவாக்கியது. கலப்பில் ஃபிரீசியன் பங்கு ஏற ஏறப் பாலும் ஏறும், நிழலுக்கும் மின்விசிறிக்கும் ஆகும் செலவும் ஏறும்.

இனிக் கருப்பைக்கு வருவோம். மாட்டின் கருப்பைச் சுவரில் ஏறத்தாழ 70 முதல் 120 வரை சிறு சிறு புடைப்புகள் இருக்கும். நஞ்சுக்கொடி அவற்றில்தான் பற்றிக்கொண்டிருக்கும். கன்று வெளியே வந்ததும் கொடி தானாகக் கழன்று விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது அப்படியல்ல. தாயின் வெள்ளணுக்கள் அந்தக் கொடியை இனி வேண்டாத அந்நியத் திசு என்று கண்டுகொண்டு வந்து, பிணைப்பைக் கரைத்துவிட வேண்டும். வெள்ளணுக்கள் மந்தமாக இருந்தால் கொடி விழாது. 1976இல் அமெரிக்காவின் ஒஹாயோவில், செலினியம் குறைந்த தீனி தின்ற மாடுகளுக்கு ஈனுவதற்கு முன் செலினியமும் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்தார்கள். கொடி தங்குவது வெகுவாகக் குறைந்தது. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் சில பலன் தந்தன, சில தரவில்லை. ஏற்கெனவே போதிய செலினியம் உள்ள மாட்டுக்கு இன்னும் கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

பெரும்பாலான மாடுகளுக்குக் கொடி 12 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். 24 மணி நேரம் கடந்தும் தொங்கினால் தங்கிவிட்டது என்று பொருள். அப்போது கையை விட்டு இழுப்பதும், கொடியில் கல்லையோ பழைய செருப்பையோ கட்டித் தொங்கவிடுவதும் வேண்டாம். இழுத்தால் சுவர் கிழியும், கிழிந்த இடத்தில் கிருமி குடியேறும். தொங்கும் பகுதி தரையில் புரளாதபடி வெட்டிவிட்டு, தினமும் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ள வேலை. மாட்டின் இயல்பு வெப்பம் சுமார் 38.5 டிகிரி. 39.5ஐத் தொட்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

பார்க்க வேண்டிய இன்னொரு இடம் வால். ஈன்ற மாட்டுக்கு இரண்டு வாரம் வரை செம்பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று கழிவு வருவது இயல்பு, அதில் நாற்றம் பெரிதாக இருக்காது. அது தண்ணீராக, கருஞ்சிவப்பாக, கொட்டகைக்குள் நுழையும்போதே மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு வந்து வால்மயிரில் ஒட்டிக் காய்ந்திருந்தால் அது கருப்பை அழற்சி. பெரும்பாலும் முதல் பத்து நாட்களுக்குள் வரும். ஈ. கோலை, ஃபியூசோபாக்டீரியம், டிரூபெரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இதில் கூட்டாக வேலை செய்கின்றன. காய்ச்சலோடு வந்தால் உடல் முழுவதும் பரவும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, வலியும் வீக்கமும் குறைய மருந்து, தீனி எடுக்காவிட்டால் நீரும் ஆற்றலும் என்று மருத்துவர் பார்த்துக்கொள்வார். கருப்பைக்குள் அயோடின் கரைசலை ஊற்றிக் கழுவும் பழைய வழக்கம் புண்பட்ட சுவரை இன்னும் புண்ணாக்கும்.

மூன்று வாரம் கடந்தும் சீழ் கலந்த வெள்ளைக் கழிவு வந்தால் அது நாள்பட்ட உட்சுவர் அழற்சி. காய்ச்சல் இருக்காது, மாடு நன்றாகத் தின்னும், பாலும் கொடுக்கும். சினை மட்டும் பிடிக்காது. ஊசி போட்டும் நிற்கவில்லை என்று சினை ஊசிக்காரரைக் குறை சொல்லும் பல இடங்களில் உண்மைக் குற்றவாளி இதுதான். இங்கே மருத்துவர் கருப்பைக்குள் செலுத்தும் தனி மருந்தையோ, மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவந்து கருப்பையைத் தானே சுத்தமாக்கிக்கொள்ள வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசியையோ தேர்ந்தெடுப்பார். இந்த மாடுகளின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வுகளில் கெட்டுப்போன கொழுப்பின் எச்சமான மாலோன்டையால்டிஹைடு கூடியிருப்பதும், காவல் நொதிகள் குறைந்திருப்பதும் தெரிந்திருக்கின்றன. அழற்சி ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுகிறது, அந்த அழுத்தம் அழற்சியை ஆறவிடுவதில்லை.

நுண்ணுயிர்க்கொல்லி போட்டால், மருந்துச் சீட்டில் சொன்ன நாள் வரை அந்த மாட்டின் பாலை விற்கக் கூடாது. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் பால்குடத்துக்குப் பால் கேட்டு வாசலில் ஆள் நிற்கும்போது இது கசக்கத்தான் செய்யும். விற்பனைத் தடை நாள் குறைந்த மருந்துகளும் இருக்கின்றன. முன்கூட்டியே கேட்டால் மருத்துவர் அதற்கேற்பப் பார்த்துக் கொடுப்பார்.

குளம்பு சொல்லும் கதை தாமதமாக வெளியே வரும் கதை. குளம்பின் கொம்புப் பகுதி, அதாவது கெட்டியான வெளி ஓடு, மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான் வளரும். அதை உண்டாக்கும் உயிருள்ள திசு உள்ளே இருக்கிறது. ஈனும் நாட்களில் அங்கே இரத்த ஓட்டம் குலைந்து, சிறு கசிவு ஏற்பட்டால், அது அடிப்பாகத்துக்கு வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். குளம்பு சீவுபவர் பின்னங்காலைக் கட்டித் தூக்கி, கத்தியால் சீவிக்கொண்டே வருவார். சாணி படிந்த கருமை போய் வெளிர் மஞ்சள் கொம்பு தெரியும், இன்னும் சீவினால் நடுவில் வெற்றிலை எச்சில் தெறித்த அளவுக்கு ஒரு சிவப்புக் கறை. அது நேற்று அடிபட்ட காயமல்ல. கன்று ஈன்ற வாரத்தில் உள்ளே கசிந்த இரத்தம். சில மாடுகளில் அந்த இடம் உடைந்து உள்ளங்குளம்புப் புண்ணாகியிருக்கும். பெரும்பாலும் பின்னங்காலின் வெளிப்பக்கக் குளம்பில்தான் இது வரும்.

காரணங்கள் பல ஒன்றுசேர்கின்றன. ஈனும்போது சுரக்கும் ஹார்மோன்கள் இடுப்புக்கட்டைத் தளர்த்துவதோடு, குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் நார்களையும் தளர்த்துகின்றன. எலும்பு கொஞ்சம் கீழே இறங்கித் திசுவை நசுக்குகிறது. எலும்புக்கு அடியில் கொழுப்பு மெத்தை ஒன்று இருக்கிறது. ஈன்ற மாடு இளைக்கும்போது அதுவும் மெலிந்துபோகிறது. ஈன்ற மறுநாளே பால் கூடட்டும் என்று அடர்தீனியை அள்ளிப் போட்டால் வயிற்றில் அமிலம் ஏறி, அதன் விளைவாக நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து குளம்புத் திசுவில் அழற்சியை உண்டாக்கும். அதோடு கருப்பையில் அழற்சியும் இருந்தால் உடல் முழுவதும் அதன் வேகம் பரவுகிறது. கொம்பை இறுக்கமாகக் கட்டும் வேலைக்குத் துத்தநாகமும் செம்பும் வேண்டும். அதே செம்பும் துத்தநாகமும் காவல் நொதிக்கும் தேவை என்று மேலே பார்த்தோம்.

நொண்டும் மாட்டுக்கெல்லாம் ஊசி போடும் பழக்கத்தை மட்டும் நான் கடுமையாகவே சொல்வேன்: அது வீண். உள்ளங்குளம்புப் புண்ணில் கொல்ல வேண்டிய கிருமி இல்லை, நுண்ணுயிர்க்கொல்லி அங்கே எதையும் ஆற்றாது. அதற்குச் செய்ய வேண்டியது, புண்ணைச் சுற்றியுள்ள கொம்பைச் சீவி அழுத்தத்தை எடுத்து, அதே காலின் நல்ல குளம்பில் ஒரு மரக்கட்டையை ஒட்டிப் புண்பட்டதைத் தரையில் படாமல் தூக்கிவிடுவதும், வலி மருந்து கொடுப்பதும்தான். குளம்பு அழுகல் வேறு. வடகிழக்குப் பருவமழையில் சேறான லாலான் புல்வெளியிலும் செம்மண் கப்பி ரோட்டிலும் நடந்து, இரு குளம்புகளுக்கு இடையில் தோல் கீறி, கால் ஒரே நாளில் பொதுபொதுவென்று வீங்கி நாறும். இதைச் செய்வது கருப்பையில் பார்த்த அதே ஃபியூசோபாக்டீரியம். இங்கே ஊசி அவசியம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குதிகாலுக்கு மேல் செந்நிறமாக, தொட்டாலே மாடு துள்ளும் ஈரப்புண் என்றால் அது தோல் நோய். 1974இல் இத்தாலியில் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. சுத்தம் செய்து மேலே மருந்து தடவுவதுதான் அதற்கு வழி. செம்பு உப்பான மயில்துத்தத்தின் கரைசல் 5 விழுக்காட்டில் கால் நனைக்கும் தொட்டி வைக்கலாம். சாணி விழுந்து கலங்கியபின் அது வெறும் பச்சைத் தண்ணீர்தான், மாற்ற வேண்டும். மாற்றும்போது மீன் குளத்துக்குப் போகும் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், செம்பு மீனைக் கொல்லும்.

இதையெல்லாம் வராமல் தடுப்பது தீனித் தொட்டியில் இருக்கிறது. நம் பக்கம் மாட்டுக்கு மலிவாகக் கிடைப்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. செம்பனையின் சிவந்த சதையில் எடுக்கும் சுத்திகரிக்காத எண்ணெயில் வைட்டமின் ஈ வகைகளும் கரோட்டினும் ஏராளம். உலகமே அதைப் பிரித்தெடுத்து மாத்திரையாக விற்கிறது. ஆனால் புண்ணாக்கு சதையிலிருந்து வருவதல்ல, கொட்டையிலிருந்து வருவது. சிவப்பெல்லாம் வேறு பீப்பாய்க்குப் போய்விட்டது. சுற்றிலும் வைட்டமின் காய்த்துத் தொங்கும் தோட்டத்தில் மாடு வைட்டமின் இல்லாமல் நிற்கிறது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே தோன்றும். புண்ணாக்கில் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. ஈனும்போது இரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் கருப்பை சுருங்கும் வலுவை இழந்துவிடும், கொடி தங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். செம்பு மட்டும் புண்ணாக்கில் நிறையவே இருக்கிறது, அதே தீனியைத் தின்று செம்பு நஞ்சாகிச் செத்த செம்மறியாடுகள் உண்டு. பசு அதைவிட அதிகம் தாங்கும் என்றாலும், புண்ணாக்கை முக்கியத் தீனியாகப் போடுபவர் செம்பு கூடுதலாக உள்ள தாது உப்பை வாங்க வேண்டியதில்லை.

வைட்டமின் ஈக்கு மலிவான வழி பச்சைப் புல். இளசாக அறுத்த நேப்பியரில் அது நிறைய இருக்கும். முற்றிக் காய்ந்த புல்லிலும், நாள்பட்ட வைக்கோலிலும் பெரும்பகுதி அழிந்துபோயிருக்கும். பழைய அரிசித் தவிட்டில் காறல் நாற்றம் அடித்தால் அதன் கொழுப்பு ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது என்று பொருள். அதைப் போட்டால் இருக்கிற வைட்டமின் ஈயும் கரையும். பச்சைத் தீனி போதாத சினை மாட்டுக்குக் கறவை வற்றிய காலத்தில் நாளுக்கு 1000 சர்வதேச அலகு வைட்டமின் ஈ என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. குளம்புக்குப் பயோட்டின் நாளுக்கு 20 மில்லிகிராம் கொடுப்பார்கள். அதன் பலன் தெரிய ஆறு மாதம் வரை ஆகும் என்பதால், இரண்டு வாரம் கொடுத்துவிட்டு நிறுத்துபவர்கள் காசை வீணாக்குகிறார்கள்.

செலினியம் பற்றி மட்டும் நிதானம் வேண்டும். உலர் எடையில் ஒரு கிலோ தீனிக்கு 0.3 மில்லிகிராம் போதும். நாளுக்கு 12 கிலோ உலர் தீனி தின்னும் மாட்டுக்கு மொத்தம் 3.6 மில்லிகிராம், மிகச் சிறு துளி. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவு தொடர்ந்து போனால் நஞ்சாகிவிடும், அந்த நஞ்சின் அடையாளங்களில் ஒன்று குளம்பு வெடித்துக் கழல்வது. ஆகவே தாது உப்புக் கலவையில் ஏற்கெனவே செலினியம் இருக்கிறதா என்று உறையைப் படிக்காமல், பக்கத்துக் கொட்டகைக்காரர் போட்டார் என்று ஊசியும் சேர்த்துப் போடக் கூடாது. மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேட்டால் இரத்த மாதிரி எடுத்துச் சோதிக்க வழி சொல்வார்கள். அங்கே போகும்போது தாது உப்புப் பையின் உறை, புண்ணாக்கும் புல்லும் நாளுக்கு எத்தனை கிலோ, மாடு கடைசியாக ஈன்ற தேதி, கொடி எத்தனை மணிக்கு விழுந்தது, எந்தக் காலை எப்போதிலிருந்து நொண்டுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். சோதனையின் விடையைப் படிக்க அவர்களுக்கு இவையெல்லாம் வேண்டியிருக்கும்.